ஓர் ஒற்று மிகுந்தால்

கேள்வி: இயேசுவைக் கடவுளாக ஏற்காத கிறிஸ்தவர்களும் உண்டாமே? எல்லாம் ஓர் எழுத்துப் பிழையால் வந்த சண்டை என்கிறார் என் நண்பர். உண்மையா?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பிழை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மாம்பலத்துத் தமிழாசிரியர் நினைவுக்கு வந்துவிடுகிறார். ஓய்வு பெற்றபின் அவருக்கு ஒரே வேலை, நம் இதழில் விடுபட்ட ஒற்றுகளை எண்ணிச் சிவப்பு மையில் எழுதி அனுப்புவது. போன இதழுக்கு நாற்பத்தொன்று. 'வேலை கொடு' என்பது பட்டதாரியின் குரல், 'வேலைக் கொடு' என்பது முருகன் கையில் இருப்பதைக் கேட்கிற குரல் என்று பாடம் நடத்தாத கடிதமே கிடையாது. ஒருமுறை 'அமைச்சர் பேசினார்' என்பதை 'ஏசினார்' என்று அச்சிட்டுவிட்டோம். மறுப்பு வரவில்லை. கூட்டத்துக்குப் போனவர்கள் அதுதான் சரி என்றார்கள்.

உங்கள் நண்பருக்கு அரை மதிப்பெண். குமாரனாகிய இயேசு, பிதாவாகிய கடவுளோடு 'ஒரே சாரம்' என்று 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் தீர்மானித்தது. கிரேக்கத்தில் ஹோமோஊசியோஸ். பிற்பாடு ஒரு கூட்டத்தார் நடுவில் ஓர் எழுத்தைச் செருகி ஹோமோய்ஊசியோஸ், 'ஒத்த சாரம்', என்றார்கள். நம் எழுத்தில் அது வெறும் 'ய்'. ஓர் ஒற்று! மாம்பலத்தார் அன்று இருந்திருந்தால் பேரரசருக்கே சிவப்பு மைக் கடிதம் போயிருக்கும். ஆனால் சண்டையைத் தொடங்கிவைத்த அலெக்சாந்திரியாவின் ஆரியஸுக்கும் இந்த ஒற்றுக்கும் சம்பந்தமில்லை. குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்று தெரிந்தேதான் சொன்னார். அதைப் பிழைதிருத்துநர் தலையில் கட்டக் கூடாது.

இப்படி மாறுபட்டவர்களில் ஒருவரும் இயேசுவை மேசியா, அதாவது கடவுள் வாக்களித்த மீட்பர், அல்ல என்று சொல்லவில்லை. எப்படிப்பட்ட மேசியா என்பதில்தான் தகராறு. கடவுள் ஒருவரே, மூவர் இல்லை என்கிற யூனிட்டேரியன்களுக்கு அவர் கடவுள் அனுப்பிய மனிதர். யெகோவாவின் சாட்சிகளுக்கு முதல் படைப்பு, பிரதான தூதன் மிகாவேல். 'இயேசு மாத்திரம்' என்கிற பெந்தெகொஸ்தேயினர் நேர் எதிர்: இருப்பதே ஒரு கடவுள், அவர்தான் இயேசு. ஆக, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தை மறுப்பவர் எல்லாரும் இயேசுவின் தெய்வத்தன்மையை மறுப்பவர் அல்லர்.

உண்மையான அச்சகச் சமாசாரம் வேறிடத்தில் இருக்கிறது. யோவானின் முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவர் ஒன்று என்கிற வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் அதை விட்டுவிட்டு, 1522-இல் சேர்த்துக்கொண்டார். நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் அது இருக்கிறது. யாரோ ஓரத்தில் எழுதிய விளக்கம் உள்ளே நுழைந்திருக்கும் என்கிறார்கள் அறிஞர்கள். நான் உடனே நம்பினேன். 'இங்கே படம் வைக்கவும்' என்று நான் ஓரத்தில் எழுதியது ஒரு புதுக்கவிதையின் கடைசி வரியாக அச்சாகி, அந்த வரியைப் பாராட்டி மூன்று கடிதங்கள் வந்தன. புதுக்கவிதையைப் பற்றி நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறீர்கள்.

பிழை பார்க்கிறவர்களில் மாம்பலத்தார் சாது. மையோடு நிறுத்திக்கொள்கிறார். திரித்துவத்தை மறுத்து எழுதிய மைக்கேல் செர்வீடஸை 1553-இல் ஜெனீவாவில் உயிரோடு கொளுத்தினார்கள்.

இதெல்லாம் சீமைச் சமாசாரம் என்று நண்பர் அடுத்துச் சொல்வார். அவரிடம் திருவேங்கடம் என்ற வேளாளரைப் பற்றிச் சொல்லுங்கள். வெள்ளைக்காரர் வீட்டு வேலையாளாக இங்கிலாந்து போனவர். கிறிஸ்தவராகி வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். ஆனாலும் மூன்று எப்படி ஒன்றாகும் என்ற சந்தேகம் தீரவில்லை. அங்கே யூனிட்டேரியன் புத்தகங்கள் கைக்குக் கிடைத்தன. எஜமானர்களின் சபையை விட்டுவிட்டு, 1795-இல் சென்னையில் தனிச் சபையே தொடங்கினார். 1813-இல் ஆலயமும் எழுந்தது. எங்கே என்கிறீர்கள்? உங்கள் பெரம்பூருக்குப் பக்கத்தில், புரசைவாக்கத்தில்.