ரீலோடிங் பெஞ்சுக்கு 900 டாலர் குடுக்கணுமா?

ஹூஸ்டன் பக்கத்துல இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கார். கராஜ்ல தோட்டா ரீலோட் பண்றார், அதாவது சுட்டு முடிச்ச காலி உறையில மறுபடி மருந்தும் குண்டும் அடைக்கிறார். அதுக்குக் கைப்பிடியை அழுத்துற பிரஸ் மெஷின் ரெண்டு இருக்கு, ஒரு அழுத்துக்கு ஒரு வேலை மட்டும் செய்யுற சிங்கிள் ஸ்டேஜ், ஒரே அழுத்துல பல வேலை செய்யுற புரோகிரஸிவ், ஆனா இடம் ஆறடிதான், அதனால ஒரே பெஞ்சுல ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டணும். இப்ப இருக்கிற டேபிள் கைப்பிடியை அழுத்துறப்பல்லாம் ஆடுதாம். தெரிஞ்ச ஒருத்தர் "மாடுலர் ரீலோடிங் பெஞ்ச், 1,500 பவுண்ட் தாங்கும்"னு 900 டாலர் சொல்றாராம். வாங்கலாமான்னு கேள்வி.

வாங்காதீங்க. அந்த 1,500 பவுண்ட் பெயின்ட் டப்பாவையும் டூல் பாக்ஸையும் மேல பரப்பி வெக்கிறதுக்கான கணக்கு. உங்க பெஞ்சு ஆடுறது பாரத்தால இல்ல. ரைஃபிள் கேஸை, அதாவது அந்தக் காலி உறையை, டை-ங்கிற அச்சுக்குள்ள தள்ளி பழைய சைஸுக்குக் கொண்டு வர்றப்ப கைப்பிடியை முழு பலத்தோட கீழ அழுத்துறீங்க, அப்ப பெஞ்சோட முன்விளிம்பு அமுங்கி பின்னங்கால் தூக்கப் பாக்கும், கைப்பிடி மேல வர்றப்ப கேஸ் உள்ள பிடிச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் இழுக்கும். இந்த முன்னும் பின்னும் இழுப்புக்கு எந்தக் கம்பெனியும் ஸ்டிக்கர்ல நம்பர் போடுறதில்ல. விக்கிறவங்களுக்கும் இது தெரியும், ஆனா "எவ்ளோ வெயிட் தாங்கும்"னுதானே நாம கேக்குறோம், அதனால அதையே சொல்லி வித்துடறாங்க. அந்த ரெடிமேட் பெஞ்சுகள் பலதுல மேல்பலகை வெறும் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை ஒட்டிச் செஞ்ச பலகை), மேல ஒரு லேமினேட் ஒட்டி பளபளன்னு இருக்கும், போல்ட் ஓட்டை சீக்கிரமே நொறுங்கி அகலமாயிடும், ஹூஸ்டன் ஈரத்துல ஊதியும் போகும். வீல் வெச்ச பெஞ்சு பத்தி பேசவே வேணாம்.

நீங்களே பண்ணிடலாம். முக்கால் இஞ்ச் ப்ளைவுட் ஒரு ஷீட் வாங்குங்க, நாலுக்கு எட்டு அடி. ஹோம் டிப்போ, லோவ்ஸ்ல கேட்டா அங்கயே அறுத்துத் தருவாங்க. நீளவாக்குல ரெண்டா கிழிச்சு, ஒவ்வொண்ணையும் ஆறடியில வெட்டினா ரெண்டுக்கு ஆறு அளவுல ரெண்டு பலகை கிடைக்கும், அதை ஒண்ணுமேல ஒண்ணு க்ளூ போட்டு ஸ்க்ரூ அடிச்சா ஒன்றரை இஞ்ச் கனத்துல மேல்பலகை ரெடி. மிச்சம் விழுற ரெண்டு துண்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க, அதுலதான் பிரஸ் மாட்டுற தட்டு வரப் போகுது.

க்ளூ போடுறதுக்கு முன்னாடி மேல் அடுக்குல மட்டும் முன்விளிம்புல பத்துக்குப் பன்னெண்டு இஞ்சுக்கு ஒரு இடம் வெட்டி எடுத்துடுங்க. அதே அளவுல தட்டுகள் அறுத்துக்குங்க, ஒண்ணுல சிங்கிள் ஸ்டேஜ், இன்னொண்ணுல புரோகிரஸிவ், மூணாவது சும்மா வெறும் தட்டு, பிரஸ் வேணாங்கிறப்ப போட்டு மூடிக்கலாம். எல்லாத் தட்டுலயும் நாலு மூலையில ஒரே இடத்துல ஓட்டை, பெஞ்சுக்கு அடியில இருந்து டீ நட் (மரத்துல அடிச்சு இறக்குற பல்லு வெச்ச நட்டு) அடிச்சுடுங்க, மேல இருந்து போல்ட். மேல இருந்து திருகிச் செருகுற இன்சர்ட் வேணாம், இழுக்க இழுக்க கழண்டு மேல வந்துடும், டீ நட்டை இழுத்தா இன்னும் மரத்துக்குள்ள போய்த்தான் உக்காரும். பிரஸ்ஸைத் தட்டோட பிடிக்கிற நட்டு அடியில துருத்தும், அதுக்குக் கீழ் அடுக்குல கொஞ்சம் பெரிய ஓட்டையா போட்டு விட்ருங்க. அந்த இடத்துக்கு ரெண்டு பக்கமும் அடியில முன்னேருந்து பின்வரைக்கும் ஒரு டூ பை ஃபோர் மரக்கட்டை குடுத்துடணும்.

நிறைய பேர் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. பிரஸ்ஸோட லிங்கேஜ், அதாவது கைப்பிடியோட சேர்ந்து அசையுற இணைப்புகள், பெஞ்சு மட்டத்துக்குக் கீழ இறங்கி ஆடும், முன்பக்கச் சட்டத்தை விளிம்போட ஒட்டி அடிச்சீங்கன்னா அதுல இடிக்கும், போல்ட்டையும் முடுக்க முடியாது. பிரஸ்ஸை வெச்சு அளந்து பாத்துட்டு சட்டத்தை உள்ள தள்ளி அடிங்க.

கால் எவ்ளோ கனமா வெச்சாலும் சுவத்துல பிடிக்காட்டி ஆடத்தான் செய்யும். பின்சட்டத்தை சுவருக்குள்ள நிக்கிற மரக்கட்டையில, அதாவது ஸ்டட்ல, லேக் ஸ்க்ரூ (தடிமனான மர ஸ்க்ரூ) போட்டு இறுக்குங்க, பொதுவா 16 இஞ்சுக்கு ஒரு ஸ்டட் இருக்கும். வெறும் ட்ரைவால்ல ஆங்கர் அடிச்சுட்டு ஆடுதுன்னு எனக்கு எழுதாதீங்க. பவுடர், அதாவது வெடிமருந்து, நிறுக்கிற தராசை மட்டும் பெஞ்சுல வெக்காதீங்க, சுவத்துல தனியா ஒரு சின்ன ஷெல்ஃப் அடிச்சு அதுல வைங்க, அதிர்வுல ரீடிங் தாவும். பெஞ்சு மேல எப்பவும் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்கணும். பிரைமரையும் (கேஸோட அடியில பொருத்தி மருந்தைப் பத்த வெக்கிற சின்ன மூடி) பவுடரையும் கம்பெனி டப்பாவுலயே வைங்க, வாட்டர் ஹீட்டர் இருக்கிற மூலையில வேணவே வேணாம்.

நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன், ஏன்னா இதை பெஞ்சு விக்கிறவன் சொல்ல மாட்டான். நீங்க கிரீன் கார்டுன்னு எழுதியிருக்கீங்க, பிரச்சினை இல்ல, சொந்த உபயோகத்துக்கு ரீலோட் பண்ண ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்ல. ஆனா வார இறுதியில கூட வந்து உக்கார்ற நண்பர் எச்-1பி வேலை விசாவுல இருந்தா கதையே வேற. வேலை விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூடாது, காலி கேஸ், பிரைமர், புல்லட் (நுனியில இருக்கிற குண்டு), பவுடர் தனித்தனியா இருந்தாலும் சட்டத்துல தோட்டா கணக்குதான். இதுக்கு விதிவிலக்கு, செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா வெச்சிருக்கலாம். வேட்டைக்கே போகாதவனும் கவுன்ட்டர்ல போய் அதை வாங்கிடலாம், கேலிக்கூத்துதான், ஆனா சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கு. டெக்ஸஸ்ல அந்த வருஷ லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஓட முடிஞ்சுடும். செப்டம்பர் 1 காலையில புதுசு வாங்காம கராஜ்ல பிரைமர் வெச்சிருந்தா அது ஃபெடரல் குற்றம், ஒரு நாள்தானேன்னு யாரும் விட மாட்டாங்க. "ஒரு தடவை வாங்கிட்டா போதும்"னு சொல்றவன் பேச்சைக் கேட்டு விசாவையே பணயம் வெக்காதீங்க. இந்தியாவுல பொறந்த ஒரே காரணத்துக்காக கிரீன் கார்டு க்யூல பத்து வருஷத்துக்கு மேல நின்னு ஒழுங்கா வரி கட்டுறவனுக்கு மான் வேட்டைச் சீட்டுதான் பாதுகாப்புன்னா என்ன சொல்றது.

பழைய டேபிள்ல இருந்து பிரஸ்ஸைக் கழட்டினதும் அதோட ஓட்டைகளை ஒரு அட்டையில வரைஞ்சு எடுத்துக்குங்க, தட்டுல ட்ரில் போடுறதுக்கு அதையே அச்சா வெச்சுக்கலாம். பிரஸ்ஸோட அடிப்பாகம் பன்னெண்டு இஞ்சை மீறுச்சுன்னா மேல் அடுக்கை வெட்டுறதுக்கு முன்னாடியே அளவை மாத்திக்குங்க.