சூரியனுக்குள்ளிருந்து பாய்வது கோழைத்தனமா?

கேள்வி: இணையவழி வான்போர் விளையாட்டில் ஓராண்டாக இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களை ஓட்டி வருகிறேன். சென்ற வாரம், என் அணித் தோழர் ஒருவரோடு சுற்றிச் சுற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்த எதிரி விமானத்தைச் சூரியன் இருந்த திசையிலிருந்து பாய்ந்து வீழ்த்தினேன். எதிரணியினர் என்னைக் கோழை என்றார்கள்; தன் இரையைப் பறித்துவிட்டேன் என்று தோழரும் கோபித்துக்கொண்டார். மறுநாள் எதிரியின் விமானத்தளத்துக்கு மேலே வட்டமிட்டு, கிளம்பிய நான்கு விமானங்களைச் சுட்டேன். அவற்றில் மூன்று ஒரே ஆட்டக்காரருடையவை. “அடுத்து பாராசூட்டையும் சுடுவாயா?” என்று ஒருவர் எழுதினார். பிறகு யாரோ நம்ப முடியாத கோணத்திலிருந்து என்னைச் சுட்டார். ஏமாற்று மென்பொருள் வைத்திருப்பார் என்று தோன்றியதால், விமானம் விழுவதற்குள் ஆட்டத்தைவிட்டு வெளியேறிவிட்டேன். போர் என்றால் போர்தானே? நான் செய்ததில் என்ன தவறு?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, சூரியனையும் விமானத்தளத்தையும் பற்றி வருத்தத்தோடு எழுதிவிட்டு, வெளியேறியதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கிறீர்கள். நான் கணக்குப் பார்த்தால் வரிசை தலைகீழாக வருகிறது.

முதுகில் தாக்குவது இழிவு என்ற எண்ணம் நம் மொழியிலேயே ஊறிக் கிடப்பதால், ‘கோழை’ என்ற சொல் உங்களைத் தைத்திருக்கும். ஆனால் வான்போரில் முதல் பாடமே முதுகுப்புறத் தாக்குதல்தான். 1916இல் ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் போல்கே தம் படையினருக்கு வகுத்துத் தந்த எட்டு விதிகளில், தாக்குவதற்கு முன் சாதகமான நிலையைப் பிடித்துக்கொள், முடிந்தால் சூரியனை உன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், எப்போதும் பின்னாலிருந்தே தாக்கு என்பவை அடங்கும். நீங்கள் உயரம் ஏறக் காலம் செலவிட்டீர்கள். உங்கள் எதிரி அந்த நேரத்தில் ஒரு முறையாவது சூரியன் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது என்பதே போதும். இருவர் மட்டும் தனித்து மோதுவதற்கென்றே நடத்தப்படும் சர்வர்களில் (ஆட்டத்தை இணையத்தில் நடத்தும் கணினிகளில்) மூன்றாமவர் குறுக்கிடக் கூடாது என்ற விதி இருக்கும். அங்கே மட்டும்தான் நீங்கள் செய்தது குற்றம்.

தோழரின் கோபம் வேறு வகை. போல்கேயின் எட்டாவது விதி, சண்டை தனித்தனி மோதல்களாகப் பிரியும்போது பலர் ஒரே எதிரியைத் துரத்தாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. அதை எழுதிய அவரே அதே 1916ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று, ஒரே எதிரி விமானத்தைத் துரத்திய தம் தோழரின் விமானத்தோடு உரசி விழுந்து இறந்தார். ஆகவே இது வெறும் புள்ளிக் கணக்குச் சண்டை இல்லை. அறிவிப்பின்றி நுழையும் இரண்டாவது விமானம் முதல் விமானத்துக்கு உண்மையிலேயே ஆபத்து. புள்ளியைப் பொறுத்தவரை, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படை ஒரு வெற்றியை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்ததுண்டு. பல விளையாட்டுகளின் கணினிக் கணக்கு அந்தப் பெருந்தன்மையைக் காட்டுவதில்லை. எனவே பாய்வதற்கு முன் குரல்வழியில் “உதவி வேண்டுமா?” என்று கேளுங்கள். தோழர் பதில் சொல்லும் நிலையில் இல்லை, அவர் வாலில் எதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் கேட்காமலே பாயுங்கள். அதற்கும் கோபிப்பவரோடு ஓர் அணியில் பறக்க வேண்டியதில்லை.

விமானத்தள விவகாரத்தில் எனக்கு இரண்டு மனம். ஆட்டக்காரர்கள் இதை ‘வல்ச்சிங்’ என்பார்கள். பிணந்தின்னிக் கழுகின் பெயரிலிருந்து வந்த வசைச்சொல். ஆனால் நிஜப் போர் இதைச் செய்தே இருக்கிறது. 1944, 1945 ஆண்டுகளில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானத்தை நடுவானில் துரத்திப் பிடிப்பது நேச நாட்டு விமானிகளுக்குக் கடினமாக இருந்ததால், அது வேகம் குறைந்து தரையிறங்கும் நேரத்துக்காக அதன் தளங்களின் அருகிலேயே காத்திருந்தார்கள். ஜெர்மானியர்களும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை அடுக்கினார்கள். ஜெட்டுகளைக் காப்பதற்கென்றே, முன்விசிறியால் பறக்கும் ஃபோக்க வுல்ஃப் விமானங்களைக் காவல் பறக்கவிட்டார்கள். தளத்தைத் தாக்குவதற்கு ஒரு விலை இருந்தது என்பதை இங்கே கவனியுங்கள். உங்கள் ஆட்டத்தில் பீரங்கிகள் இயங்கிக்கொண்டிருந்து, அத்தளத்தைப் பிடிப்பதே அன்றைய இலக்காகவும் இருந்திருந்தால், முதல் விமானத்தைச் சுட்டதில் தவறு காண மாட்டேன். தளத்தைத் தாக்கலாமா என்பதைப் பல சர்வர்கள் நுழைவு அறிவிப்பிலேயே எழுதிவைத்திருக்கும். அதைப் படித்தீர்களா என்று கடிதத்தில் சொல்லவில்லை.

உறுத்துவது அந்த ‘மூன்று ஒரே ஆட்டக்காரருடையவை’ என்ற விவரம். சக்கரம் தரையைவிட்டு எழும்பாத விமானத்தால் திரும்பவும் முடியாது, விலகவும் முடியாது, பதிலுக்குச் சுடவும் முடியாது. வேறு தளத்திலிருந்து கிளம்பலாம் என்றுகூடத் தெரியாத புதியவர் ஒருவர் திரும்பத் திரும்ப அதே ஓடுதளத்தில் தோன்றியிருக்கக்கூடும். இரண்டாம் முறை அவர் தோன்றியபோதே உயரம் ஏறி விலகி, அவர் மேலே வரும்வரை காத்திருந்திருக்கலாம். உங்களுக்கும் ஒரு சண்டை கிடைத்திருக்கும். வானில் எத்தனையோ பேர் இருக்க, தரையில் கிடப்பவரைத் தேடிப் போவது விதிக்கு உட்பட்டதாக இருந்தாலும் எனக்குப் பிடிக்காது.

பாராசூட் பற்றிய கேலிக்குப் பதில் சுருக்கமானது. ஆபத்தில் சிக்கிய விமானத்திலிருந்து குதித்தவரை, அவர் இறங்கிக்கொண்டிருக்கும்போது தாக்கக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறையின் 42ஆவது பிரிவு சொல்கிறது. விளையாட்டில் அதைச் சுட்டு ஒருவருக்கும் பயனில்லை. நீங்கள் சுடவும் இல்லை, விட்டுவிடுவோம்.

இனி நீங்கள் வெளியேறிய கதை. நம்ப முடியாத கோணம் என்கிறீர்கள். மணிக்கு 540 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஒரு விநாடியில் 150 மீட்டர் கடக்கிறது. அவருடைய கணினியிலிருந்து சர்வர் வழியாக உங்களுக்குச் செய்தி வந்து சேர 0.2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் விமானம் 30 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த இடைவெளியை உங்கள் கணினி ஊகத்தால் நிரப்பிக் காட்டுகிறது. ஆகவே உங்கள் திரையில் குறி தவறியதாகத் தெரியும் தோட்டா, அவர் திரையில் நேராக உங்கள் இறக்கையில் பாய்ந்திருக்கலாம். பிடிபட்ட ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஐயம் வந்தால் ஆட்டப் பதிவைச் சேமித்து, அவருடைய விமானத்திலிருந்து பார்ப்பதுபோல் ஓட்டிப் பார்த்து, அப்போதும் ஐயம் தீராவிட்டால் சர்வரை நடத்துபவர்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டும்.

அவர் உங்களை வீழ்த்த, நீங்கள் சூரியனுக்குள் ஏறியதுபோலவே கால்மணி நேரம் உயரம் ஏறிக் காத்திருந்திருப்பார். அந்த உழைப்புக்குக் கிடைக்கும் ஒரே கூலி, நீங்கள் விழுவதைப் பார்ப்பதுதான். அதை நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தி எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். சில சர்வர்கள் வெளியேறியவரைத் தோற்றவராகவே பதிந்துகொள்ளும்; சிலவற்றில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. போர் என்றால் போர்தான் என்று கேட்டீர்கள். எரியும் விமானத்திலிருந்து காற்றில் மறைந்துபோகும் வசதி எந்தப் போர் விமானிக்கும் இருந்ததில்லை.

நானும் ஒருமுறை இதைச் செய்திருக்கிறேன். இணைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டது என்று பொய்யும் சொன்னேன். துரத்தியவர் “பரவாயில்லை, மறுபடி வாருங்கள்” என்று எழுதியதும், அதற்குப் பதில் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கூச்சல் போட்டவர்களுக்கு நீங்கள் விளக்கம் எழுத வேண்டாம். அந்தக் கடைசி ஆளின் பெயர் ஆட்டப் பதிவில் இருக்கும். அன்று விழும் முன் வெளியேறியது நான்தான், வெற்றி உங்களுடையது என்று இரண்டு வரி அனுப்புங்கள். இந்த ஆட்டத்தில் நல்ல சண்டைக்குப்பின் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தைத் தட்டி எதிரிக்கு சல்யூட் வைக்கும் பழைய வழக்கம் உண்டு. செய்தியின் முடிவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.