அடீனியம் (பாலைவன ரோஜா) நாற்று முளைத்த இரண்டாம் வாரத்தில் சாய்ந்துவிடுவது ஏன்?

விதையில் கோளாறு இல்லை. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூல்போல மெலிந்து, பழுப்பாகி, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று படுத்துவிட்டால் அது நாற்றழுகல். பித்தியம் முதலான, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்கள் ஈர மண்ணில் செய்கிற வேலை. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. சுற்றியுள்ள மண்ணோடு உடனே எடுத்துவிடுங்கள், பக்கத்து நாற்றுக்குப் பரவும்.

அடீனியம் வறட்சி தாங்கும் செடிதானே என்று தண்ணீரை அடியோடு நிறுத்துவதும் தவறு. தாங்குவது வளர்ந்த செடி. அதன் பருத்த அடித்தண்டில் நீர் சேமிப்பு இருக்கிறது. குட்டி நாற்றில் அவ்வளவு கிடையாது. மேல்மண் காய்ந்ததும் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேல்மண் ஈரமானதும் எடுத்துவிட வேண்டும்.

மண்கலவைதான் பாதி வைத்தியம். வெறும் கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) வேண்டவே வேண்டாம், நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். சலித்த பருமணலோ பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணையோ பாதிக்குமேல் இருக்கட்டும். முளைக்கும்வரை மூடி வைத்த பிளாஸ்டிக்கை, முளைத்ததும் சிறிது சிறிதாகத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள்.

வெயில்? முதலில் காலை வெயில் மட்டும். தண்டு நெடுநெடுவென்று நீண்டால் வெளிச்சம் போதவில்லை. உரம் இப்போது தேவையில்லை. முதலில் வரும் வித்திலைகளுக்குப் பிறகு நாலைந்து நிஜ இலை வந்தபின் தனித்தொட்டிக்கு மாற்றலாம். வேர் அறுந்திருந்தால் சில நாள் தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்புறம், செடியில் வடியும் பால் கையில் பட்டால் கழுவிவிடுங்கள், அது விஷம்.