கண் இமைத்த நேரத்தில் எடுத்த படம் யாருடையது?

கேள்வி: நான் குடியாத்தத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். முகூர்த்த நாட்களில் கல்யாணம், மற்ற நாட்களில் பாஸ்போர்ட் படமும் பிரிண்ட் வேலையும். எனக்கென்று படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்கு வருவேன். கோட்டை, அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரம் என்று எல்லோரும் எடுப்பதையே எடுத்து அலுத்துவிட்டது. ஓவியக் கல்லூரியில் படிக்கும் என் தோழி ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தாள். கேமராவை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு தெருவில் நேராக நடக்க வேண்டும், கண் இமைக்காமல் இருக்கப் பார்க்க வேண்டும், மீறி இமைத்துவிட்டால் அப்போதெல்லாம் ஒரு படம் எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் செய்தது இது என்றாள். லாங்கு பஜாரில் அப்படியே செய்தேன். கூடை, முறம், யாருடைய முதுகோ, பாதி சைக்கிள் என்று ஏதேதோ விழுந்திருக்கிறது. அண்ணன் பார்த்துவிட்டு, "இதற்கா இவ்வளவு விலை கொடுத்து கேமரா வாங்கினாய்?" என்று கேட்டான். இது கலையா? அடுத்தவர் சொன்னபடி எடுத்தால் படம் என்னுடையதாகுமா? இப்படி ஒரு குறிப்பை நானே எழுத முடியுமா?

- வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அழித்துவிடாதீர்கள். மங்கலாக இருப்பதையும் சாய்ந்து கிடப்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எடுத்த வரிசை கலையாமல் ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் தோழி எழுதித் தந்தது விட்டோ அக்கோன்சி என்ற அமெரிக்கர் 1969-ல் செய்தது. அதுவரை கவிதை எழுதிக்கொண்டிருந்தவர். நியூயார்க் நகரின் கிரீனிச் தெருவில், சாதாரண கோடக் கேமரா ஒன்றைப் பிடித்தபடி நடந்து, இமைத்தபோதெல்லாம் ஷட்டரை அழுத்தினார். ஆங்கிலத்தில் அதன் பெயரே 'இமைப்புகள்' என்பதுதான்.

அதிலுள்ள நுட்பத்தைப் பாருங்கள். கண் மூடும்போது கேமரா திறக்கிறது. எடுத்தவர் எதைப் பார்க்கத் தவறினாரோ அது மட்டும் படமாகிறது. பார்த்ததைக் காட்டத்தான் புகைப்படம் என்று நாம் இத்தனை காலம் நினைத்திருக்கிறோம். இங்கே பார்க்காமல் விட்டதற்கு அது சாட்சி சொல்கிறது. உங்கள் கூடையும் முறமும் அந்த முதுகும், லாங்கு பஜாரில் நீங்கள் காணாமல் விட்ட நொடிகள். ஓர் இமைப்பு நொடியில் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோதான் நீடிக்கும். விரல் அழுத்துவதற்குள் கண் திறந்துவிடும். அதனால் இந்தக் கணக்கு துல்லியமாக ஒருபோதும் பொருந்தாது. ஆனாலும் குறிப்பு இமைக்காமல் இருக்க முயலச் சொல்கிறது. கண் எரிய எரிய முயன்று, தோற்ற இடங்களில்தான் உங்களுக்குப் படம் கிடைத்திருக்கிறது. சும்மா கிடைத்த படங்கள் இல்லை அவை.

இது கலையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம் என்றே சொல்வேன், ஆனால் கலை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் கல்யாண வீட்டில் வேலை செய்கிறவர். அங்கேயும் உங்களுக்குக் குறிப்புகள் வருகின்றன. தாலி முடிச்சு தெளிவாகத் தெரிய வேண்டும், அத்தை வீட்டாரை மேடையில் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ, பெண் தலைகுனிந்திருக்கும் போஸ் ஒன்று. இவை எல்லாமே படம் எப்படி வர வேண்டும் என்று சொல்பவை. எந்த வழியில் எடுக்கிறீர்கள் என்பது உங்கள் பாடு. உங்கள் தோழியின் தாளில் இருப்பது இதற்கு நேர் எதிர். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அது சொல்கிறது, படத்தில் என்ன வர வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. அந்த இடத்தை வெற்றாக விட்டிருப்பதுதான் இதன் உயிர். இணையத்தில் 'இன்று சிவப்பு நிறம்', 'நாளை நிழல்' என்று தினம் ஒரு தலைப்புக் கொடுக்கிறார்களே, அவற்றை நான் இந்த வகையில் சேர்க்க மாட்டேன். தலைப்பு கொடுத்தாலும் எதை எடுப்பது என்று தேர்ந்தெடுப்பது உங்கள் ரசனைதான். உங்கள் ரசனையோ ஏற்கெனவே ஆயிரம் காலண்டர் படங்களில் பழகிப்போனது. குறிப்பிலுள்ள விதி அந்த ரசனையைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்தி வைக்கிறது. கோட்டைக்குப் போனால் ஒரே படம் வருகிறது என்ற உங்கள் அலுப்புக்கு மருந்து புது லென்ஸ் இல்லை, இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது டக்ளஸ் ஹியூப்ளரின் வேலை. முதலில் சிற்பியாக இருந்தவர். உலகத்தில் ஏற்கெனவே பொருட்கள் நிறைந்திருக்கின்றன, மேலும் சேர்க்க விருப்பமில்லை என்று சொல்லிவிட்டுக் குறிப்புக்கும் கேமராவுக்கும் வந்தார். 1969 மார்ச் 17 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 10 நிமிடங்களில் 10 படங்கள் எடுத்தார். தனித்துக் கேட்கும் ஒரு பறவைக் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் கேமராவைத் திருப்பி ஒரு படம். பிறகு அடுத்த குரல் கேட்கும் வரை அதே திசையில் நடை. கேட்டதும் நின்று அடுத்த படம், அடுத்த திசை. படங்களில் நீங்கள் காண்பது இலையுதிர்ந்த மரங்களும் வெறும் புல்தரையும்தான். ஆனால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு குறிப்பைப் படித்தபின் அதே படங்களைப் பாருங்கள், ஒவ்வொரு கிளைக்குப் பின்னாலும் காது நீளும். வழியையும் கோணத்தையும் நேரத்தையும் பறவைகளே தீர்மானித்தன. அவர் செய்தது கீழ்ப்படிந்தது மட்டுமே. இதே மனிதர் 1971-ல் உயிரோடிருக்கும் ஒவ்வொருவரையும் தம்மால் இயன்ற வரை படம் எடுப்பது என்று ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். எந்த ஆயுளுக்கும் முடியாத வேலை என்று தெரிந்தேதான் எழுதினார்.

ஒன்றையும் அழிக்க வேண்டாம் என்றதற்கு இப்போது வருகிறேன். எடுத்து முடித்தபின் நல்லதாகப் பொறுக்குவது கல்யாண ஆல்பத்துக்குச் சரி. இங்கே பொறுக்கினால், வெளியே நிறுத்திய ரசனையைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டதாகிவிடும். பொறுக்கியே தீர வேண்டும் என்றால் அதையும் விதியில் எழுதிவிடுங்கள். கலிஃபோர்னியாக் கலைஞர் ஜான் பால்டெசாரி 1973-ல் அதைத்தான் செய்தார். மூன்று பந்துகளை வானத்தில் எறிந்து அவை நேர்கோட்டில் நிற்கும் கணத்தைப் பிடிக்க வேண்டும், 36 முயற்சிகளில் சிறந்தவை மட்டும் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். ஏன் 36 என்று ஸ்டூடியோவில் மூத்தவர் யாரையாவது கேளுங்கள், உடனே சொல்வார். ஒரு ஃபிலிம் ரோலில் அவ்வளவுதான் விழும். எத்தனை முறை முயல வேண்டும் என்பதைக் கடையில் விற்கும் ரோலே தீர்மானித்துவிட்டது. மெமரி கார்டு வந்தபின் நமக்கு அந்த எல்லை இல்லை. அதனால் உங்கள் குறிப்பில் எண்ணிக்கைக்கோ நேரத்துக்கோ ஓர் எல்லை கட்டாயம் இருக்கட்டும்.

யாருடைய படம் என்ற கேள்விக்கு உங்கள் வாசலிலேயே பதில் இருக்கிறது. மார்கழியில் ஒரு வார இதழ் '15 புள்ளி, 8 வரை ஊடு புள்ளி' என்று கோலம் போடுகிறது. மறுநாள் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் ஆரணியிலும் அது வாசல்களில் விழுகிறது. அனுப்பிய வாசகியின் பெயர் இதழில் இருக்கிறது, ஆனால் உங்கள் வாசலில் விழுந்தது உங்கள் கை இழுத்த இழைதானே? அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட் சுவரோவியங்களை இப்படித்தான் செய்தார். எண்ணமே கலையைச் செய்யும் இயந்திரமாகிறது என்று 1967-ல் எழுதியவர், அடுத்த ஆண்டு முதல் சுவரில் வரையத் தொடங்கினார். பிறகு குறிப்பை எழுதிக் கொடுத்துப் பிறரை வரையச் சொன்னார். 2007-ல் அவர் இறந்தார். மறு ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் அவருடைய 105 சுவரோவியங்களைப் பலர் சேர்ந்து வரைந்து முடித்துத் திறந்தார்கள். ஆகவே பெயர் போடும்போது இரண்டையும் எழுதுங்கள்: குறிப்பு இன்னார், படங்கள் நீங்கள். இதில் குழப்பமே இல்லை.

இனி உங்கள் சொந்தக் குறிப்பு. 'பாலாற்றின் தனிமையைப் படமாக்கு' என்று எழுதினால் அது குறிப்பாகாது, ஏக்கம்தான். தனிமை எங்கே இருக்கிறது என்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. காட்பாடிப் பக்கத்திலிருந்து பாலத்தில் நடந்து, நூறு அடிக்கு ஒருமுறை நின்று, கைப்பிடிச் சுவருக்கு மேலிருந்து செங்குத்தாகக் கீழே பார்த்து ஒரு படம் எடுப்பது குறிப்பு. ஆண்டின் பெரும்பகுதி மணலும் முட்செடியும்தான் வரும். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதே, அது போன்ற ஒரு மழைக்காலத்தில் அதே இடங்களில் நின்று அதே குறிப்பை மறுபடி செய்தால் எல்லாப் படங்களிலும் நீர் வரும். விதியில் ஓர் எழுத்தும் மாறாது. தனிமை தானாக வந்து உட்காரும், வராமலும் போகலாம்.

நீங்கள் ரயிலில் காட்பாடிக்கு வந்து இறங்குகிறவர் என்று வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொல்கிறேன். பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பஸ் முழுதாக நின்றால் மட்டும் ஜன்னல் வழியே நேராக ஒரு படம். நிறுத்தமோ சிக்னலோ நெரிசலோ எதுவானாலும் சரி, ஒரு முறைக்கு ஒன்று. ஓடும்போது எவ்வளவு அழகான காட்சி வந்தாலும் கேமரா மடியில்தான் இருக்க வேண்டும். பாகாயத்தில் முடிந்தது. இங்கே டிரைவரின் காலும் போக்குவரத்துப் போலீஸ்காரரின் கையும்தான் உங்களுக்குப் படம் தேர்ந்தெடுக்கின்றன. ஏறக்குறைய ஒரு கை தூரத்தில் இன்னொரு பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் முழுப் படத்தையும் அடைத்து நிற்கும். அதையும் எடுங்கள். மழைத்தண்ணீர் வழிந்த கோடும், ஒட்டிக் கிழித்த நோட்டீஸின் பசையும், துருவும் தெரியும் அந்தத் தகரத்தைத் தினமும் பார்க்கிறோம், யாரும் எடுத்ததில்லை. மூன்றாவது படத்தில் உங்களுக்குச் சலிப்பு வரும், குறிப்பைக் கொஞ்சம் வளைக்கலாமே என்று தோன்றும். வளைக்காதீர்கள். பிடிக்கவில்லை என்றால் முழுவதும் முடித்துவிட்டு வேறு குறிப்பு எழுதுங்கள்.

வேலூருக்கென்றே ஒன்று எழுத வேண்டுமானால் காந்தி ரோட்டைத்தான் சொல்வேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே, மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் பகுதி அது. லாட்ஜ், மெஸ், மருந்துக்கடைப் பலகைகளில் வங்காளமும் இந்தியும் இருக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, தமிழ் எழுத்தே இல்லாத பலகை ஒவ்வொன்றையும், ஒன்றையும் விடாமல், பலகை மட்டும் தெரிய எடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத ஒருவர் எதைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறாரோ, அந்த வேலூர் மட்டும் உங்கள் படங்களில் இருக்கும். நீங்களும் நானும் இத்தனை ஆண்டு நடந்தும் பார்க்காத ஊர். பலகை மட்டும் என்று சொன்னது அழுத்தமாகத்தான். நோயாளிகளின் முகம், கையிலிருக்கும் ஸ்கேன் உறை, வாசலில் அழுதுகொண்டிருப்பவர், இவை எந்தக் குறிப்பின் பேரிலும் படத்துக்குள் வரக்கூடாது. விதிப்படிதான் எடுத்தேன் என்பது அங்கே சமாதானமாகாது. படத்துக்குள் ஆள் வந்தேவிட்டால் அவர் நகரும் வரை காத்திருங்கள், அல்லது கேளுங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமராவே கூடாது, அதனால் அதை வைத்துக் குறிப்பு எழுத வேண்டாம். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கையில் பிடித்து எடுக்கலாம், டிரைபாட் என்றால் முன்அனுமதி வேண்டும்.

கோட்டையை அப்படியே விட்டுவிட உங்களுக்கு மனம் வராது என்று தெரியும். அகழிக்கரையில் நடங்கள். யாராவது யாரையாவது படம் எடுப்பதைக் காணும்போதெல்லாம், அவருடைய கேமரா நோக்கும் திசைக்கு நேர் எதிர்த்திசையில் திரும்பி ஒரு படம் எடுங்கள். 24 ஆனதும் வீட்டுக்குப் போங்கள்.

அண்ணனுக்குப் படங்களை மட்டும் காட்டினீர்கள், அதுதான் சிக்கல். அக்கோன்சியும் ஹியூப்ளரும் குறிப்பைப் படங்களோடு சேர்த்தே மாட்டினார்கள். ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ ஒரு படி மேலே போய் 1962-ல் டோக்கியோவில் வெறும் குறிப்புகளை மட்டும், ஜப்பானிய எழுத்தில் எழுதிச் சுவரில் வைத்தார். லாங்கு பஜார் படங்களை ஸ்டூடியோவிலேயே அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டு, எடுத்த வரிசையில் ஓர் அட்டையில் ஒட்டி, மேலே அந்த மூன்று வரியைத் தெளிவாக எழுதி, மறுபடி அண்ணனிடம் கொடுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் கேமராவை அவர் கையில் கொடுத்து அதே தெருவில் நடக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதப்போகும் குறிப்பை எனக்கு அனுப்பிவையுங்கள். படங்கள் வேண்டாம், குறிப்பு மட்டும் போதும், ஓர் அஞ்சலட்டையில் அடங்கட்டும். வேலூரைப் பார்த்திராத வேறு ஊர் வாசகர் ஒருவரிடம் அதைக் கொடுத்து, அவர் தெருவில் செய்து பார்க்கச் சொல்கிறேன். அவர் எடுக்கும் படங்களை எடுத்த வரிசையிலேயே உங்களுக்கு அனுப்பிவைப்பது என் பொறுப்பு.