பணம் கேக்குற பதிப்பகத்துக்கு கையெழுத்து போடலாமா?

கவிதைப் புக்கு போட ஹைப்ரிட் பதிப்பகம் ஒண்ணு 45 ஆயிரம் கேக்காங்க, போடலாமான்னு பாளையங்கோட்டைல இருந்து ஒரு தங்கச்சி கேட்டுருக்காங்க. அவசரப்படாதீங்கம்மா. ஹைப்ரிட்னா செலவுல அவங்களும் பங்கு போடணும், எழுதுனத படிச்சுப் பாத்து வேண்டாம்னு சொல்லவும் தெரியணும், ராயல்டியும், அதாவது வித்த புக்குல நமக்கு வர்ற பங்கும், வழக்கமா குடுக்குற 10 சதவீதம் மாதிரி இல்லாம நல்லா கூட இருக்கணும், இதுல ஒண்ணும் இல்லாம மொத்தத்தையும் நம்மகிட்டயே வாங்குனா அது அச்சாபீஸ் வேலதான். ஐஎஸ்பிஎன்னுக்கு, அதான் புக்கோட அடையாள நம்பருக்கு, தனியா காசு போட்டுருந்தா சிரிச்சுக்கிடுங்க, இந்தியாவுல அது இலவசம்.

நான் ஏமாந்தது விற்பனைலதான். தமிழ்நாடு பூரா கடைக்குப் போகும்னாங்க, கடைசில 300 புக்கும் வீட்டு வாசல்ல வந்து எறங்குச்சு, இன்னும் கட்டிலுக்கு அடில கெடக்கு, கரையான் வேற. அதனால அவங்க போட்ட ரெண்டு புக்கோட பேரச் சொல்லி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடைல கேளுங்க, எழுதுனவங்களுக்கே போன் போட்டு ராயல்டி கணக்கு வருதான்னும் கேட்டுருங்க.

அப்புறம் உரிமை எத்தன வருசம்னு பாருங்க. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி காலம் எழுதலன்னா 5 வருசம்தான், ஆனா "பதிப்புரிமை முடியும் வரை"ன்னு இருந்தா ஒங்க காலத்துக்கு அப்புறமும் 60 வருசம் அவங்க கைலதான். அந்த வரிய அடிச்சு நீக்கித் தந்தா மட்டும் பேனாவ எடுங்க.