அமெரிக்காவில் நடுநிலையாளர்கள் இத்தனை பேர் இருந்தும் அவர்கள் குரல் ஏன் எடுபடுவதில்லை?

முக்கியக் காரணம் பிரைமரி தேர்தல், அதாவது பொதுத் தேர்தலுக்கு முன்னால் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் ஓட்டு. காலப் (Gallup) என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் 2024 கணக்கெடுப்புகளில் 43 சதவீதம் பேர் எந்தக் கட்சியையும் சாராதவர்கள் என்றார்கள், இளைஞர்களிடம் இது இன்னும் அதிகம். ஆனால் பென்சில்வேனியா மாதிரி மாநிலத்தில் கட்சிக்காரராகப் பதிவு செய்யாதவர் பிரைமரியில் வேட்பாளருக்கு ஓட்டே போட முடியாது. வந்து போடுவது பெரும்பாலும் வயதானவர்களும் தீவிரக் கட்சிக்காரர்களும்தான், வேட்பாளர்களும் அவர்களுக்குப் பிடித்த மாதிரியே பேசுகிறார்கள்.

அப்புறம், சர்ச் போன்ற இடங்களில் உறுப்பினராக இருந்தவர்கள் 1999-ல் 70 சதவீதம், 2020-ல் 47. மாற்றுக் கட்சிக்காரர் பக்கத்தில் உட்கார வாய்ப்பிருந்த இடம் அது, அது சுருங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. பிரைமரிக்கு வருவதில்லை என்று இளைஞர்களைத் திட்டிப் பயனில்லை. அலாஸ்கா மக்கள் 2020-ல் ஓட்டுப் போட்டு பிரைமரியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், மற்ற மாநிலங்களும் அதைச் செய்யலாமே.