மாட் இரவுக்குப் போகிறீர்களா? முதலில் ஷூவின் அடிப்பாகத்தைப் பாருங்கள்

கேள்வி: லீட்ஸில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வயது 36. என்னோடு வேலை பார்க்கும், சீக்கிரமே ஓய்வுபெறப் போகும் ஓர் அம்மா, மான்செஸ்டரில் நடக்கும் ‘மாட், நார்தர்ன் சோல்’ நடன இரவுக்கு அழைத்திருக்கிறார். அறுபதுகளின் பிரிட்டிஷ் இளைஞர் பாணியும், அக்காலக் கறுப்பின அமெரிக்க சோல் பாட்டுகளுக்கு ஆடுவதும் சேர்ந்த இரவாம். பதினேழு வயதில் சனிக்கிழமை தவறாமல் விகன் கசினோவுக்கு நடனமாடப் போனவராம். மறுக்க மனமில்லை. ஆனால் எனக்கு ஆடத் தெரியாது, மது தொடமாட்டேன், அந்தக் காலத்து உடுப்பும் கிடையாது. அங்கே நான் பொருந்துவேனா? எப்படித் தயாராவது?

பதில்: கட்டாயம் போய் வாருங்கள். இருபது வருடங்களாக இந்த இரவுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது உடுப்பைப் பற்றியல்ல, ஷூவைப் பற்றி.

இந்த நடனம் வழுக்கிச் செல்லும் நடனம். கால் தரையை விட்டு அதிகம் எழும்பாது. பக்கவாட்டில் சறுக்கும், நின்ற இடத்தில் சுழலும். ரப்பர் அடி கொண்ட ஸ்போர்ட்ஸ் ஷூ தரையைக் கவ்விப் பிடிக்கும். உடம்பு திரும்பிவிடும், பாதம் திரும்பாது. அந்தத் திருகல் முழுவதும் முழங்காலில் இறங்கும். என் முதல் இரவில் அப்படி ஆடிவிட்டு மூன்று வாரம் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கினேன். எனவே தோல் அடி வைத்த, தட்டையான அல்லது குட்டைக் குதிகால் கொண்ட ஷூ ஒன்று தேடுங்கள். லோஃபர், பிரோக் எதுவானாலும் சரி. புதிதாக வாங்க வேண்டியதில்லை. அறக்கொடைக் கடைகளில் பழையது மலிவாகக் கிடைக்கும். புரட்டிப் பார்த்து, அடி தோல்தானா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தெருவில் அதைப் போட்டு நடக்காதீர்கள், பொடிக்கல் ஒட்டிக்கொள்ளும். பையில் கொண்டுபோய் உள்ளே மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தரையில் சிலர் டால்கம் பவுடர் தூவுவதைப் பார்ப்பீர்கள். கேரம் பலகையில் பவுடர் போடுகிறோமே, அதே காரணம்தான். ஆனால் பல மண்டபங்களில் இப்போது பவுடருக்குத் தடை உண்டு. உங்கள் தோழியைக் கேட்காமல் தூவாதீர்கள். தரை மெருகேறியிருந்தால் பவுடர் போட்டவுடன் பனிக்கட்டி மேல் நிற்பது போலாகிவிடும்.

இனி உடுப்பு. அழைப்பில் மாட், நார்தர்ன் சோல் இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம். ‘மாடர்னிஸ்ட்’ என்பதன் சுருக்கம் மாட். 1950களின் இறுதியில் லண்டனில் மாடர்ன் ஜாஸ் கேட்ட இளைஞர்களிடம் தொடங்கியது. பெரும்பாலும் எளிய வீட்டுப் பிள்ளைகள். வாரக் கூலியைச் சேர்த்துத் தையற்காரரிடம் மூன்று பட்டன் கோட் அளவு கொடுத்துத் தைத்தார்கள். வெஸ்பா, லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரில் போகும்போது அந்தக் கோட்டில் அழுக்குப் படாதிருக்கத்தான் ராணுவத்துப் பார்க்கா அங்கியை மேலே போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் மாட் இரவுகளில் இழைத்துத் தைத்த கோட்டையும், முழங்காலுக்கு மேல் நிற்கும் நேர்வெட்டுக் கவுனையும் காணலாம். நார்தர்ன் சோல் அதிலிருந்து வடக்கே கிளைத்த பிள்ளை. வேகமான தாளம், இரவு முழுக்க ஆட்டம். அதனால் உடுப்பும் தளர்ந்தது: அகலக் கால்சட்டை, சுற்றினால் விரியும் பாவாடை, வியர்வையை உறிஞ்சும் மேற்சட்டை.

உங்களுக்கு இரண்டாவது வகைதான் வசதி. கையில் இருக்கும் பருத்திப் பாவாடை போதும். சுடிதாரும் நன்றாகவே பொருந்தும்; துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள், சுழலும்போது பக்கத்திலிருப்பவர் கையில் மாட்டும். வேஷம் கட்டியது போல் தலை முதல் கால் வரை ‘அறுபதுகள்’ ஆக்கிக்கொள்ள வேண்டாம். சுத்தமாக, பொருத்தமாக உடுத்துவதுதான் மாட் மரபு. ஒரு சின்னத் துண்டும் மாற்று மேற்சட்டையும் அவசியம். நனைந்த சட்டையோடு பின்னிரவில் வெளியே வந்தால் குளிர் எலும்பில் ஏறும்.

ஆடத் தெரியாது என்கிறீர்கள். ஜோடி தேவையில்லாத நடனம் இது. யாரும் வந்து கைபிடித்து இழுக்கமாட்டார்கள். நாலு எண்ணிக்கைக்கு வலப்பக்கம், நாலு எண்ணிக்கைக்கு இடப்பக்கம். உடலின் எடை முன்பாதத்தில், தோள் தளர்வாக. அவ்வளவுதான் அடிப்படை. அடுக்களைத் தரையில் காலுறையோடு நின்று பத்து நாள் பழகுங்கள். மண்டபத்தில் முதல் அரைமணி ஓரமாக நின்று கேளுங்கள். பாட்டின் நடுவே வாத்தியங்கள் ஒரு கணம் அடங்கும்; அப்போது நூறு பேர் சொல்லிவைத்தாற்போல ஒரே கைத்தட்டு தட்டுவார்கள். கும்மியில் வட்டமாக நின்று ஒருவரையொருவர் பார்த்துத் தட்டுவோம். இங்கே ஆளுக்கொரு திசையில், கண்மூடித் தனித்தனியாக ஆடுகிறவர்கள் அந்த ஒரு தட்டில் ஒன்றாகிவிடுகிறார்கள். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். பின்னால் சாய்ந்து தரையில் கைவைத்து எழும் வித்தைகளைப் பார்த்து ரசியுங்கள், முயலாதீர்கள்.

ஆடுதளத்துக்குள் கோப்பையோடு நுழைவது இங்கே பெரும் தவறு. சிந்திய ஒரு துளியில் ஒருவர் கால் முறியலாம். ஆட்களுக்கு நடுவே குறுக்கே நடக்காமல் ஓரமாகச் சுற்றிப் போங்கள். ஆடுகிறவர்களைக் கேட்காமல் கைபேசியில் படமெடுக்காதீர்கள். இசைத்தட்டு போடுபவரிடம் போய் ஊரறிந்த பாட்டைக் கேட்கவும் வேண்டாம். ஊரறியாத பாட்டைத் தேடிக் கண்டெடுப்பதில்தான் இந்தக் கூட்டத்தின் உயிரே இருக்கிறது. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் 1960களில் பதிவாகி, விற்காமல் முடங்கிய கறுப்பினக் கலைஞர்களின் ஏழு அங்குலத் தட்டுகளை வட இங்கிலாந்துத் தொழிலாளர்கள் தேடி எடுத்து வாழவைத்தார்கள். பாடகர் ஃபிராங்க் வில்சனின் ஒரு தட்டு 2020இல் 1,00,000 பவுண்டுக்கு விலைபோனது. எனவே தட்டு போடுபவர் பெட்டியைத் திறக்கும்போது சுற்றி நிற்பவர்கள் காட்டும் மரியாதையைப் பார்த்து வியக்காதீர்கள். பாட்டு பிடித்திருந்தால் முடிந்ததும் கைதட்டுங்கள், பெயரைக் கேளுங்கள். மகிழ்ந்து சொல்வார்கள்.

மது பற்றிக் கவலையே வேண்டாம். மான்செஸ்டரில் 1963 முதல் 1971 வரை நடந்த ‘ட்விஸ்டட் வீல்’தான் நார்தர்ன் சோலின் தொட்டில், அங்கே மது விற்கவில்லை. காபியும் குளிர்பானமும் குடித்துவிட்டு விடியும்வரை ஆடினார்கள். தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் உங்களை யாரும் வினோதமாகப் பார்க்கமாட்டார்கள். விழித்திருக்க மாத்திரை விழுங்கும் பழக்கம் அன்று இந்த உலகில் பரவியிருந்தது உண்மை. பலர் உடலைக் கெடுத்துக்கொண்டார்கள், கிளப்புகள் மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் தொழிலில் இருப்பவருக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

‘பொருந்துவேனா’ என்ற கேள்வி நிறத்தையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன். லண்டன் வார்டர் தெருவின் ஃபிளமிங்கோ கிளப்பில் மாட் இளைஞர்கள், கரீபியத்திலிருந்து குடியேறியவர்களோடும் கறுப்பின அமெரிக்கப் படைவீரர்களோடும் ஒரே தளத்தில்தான் ஆடினார்கள். ஜமைக்காவின் ஸ்கா இசை அப்படித்தான் அவர்கள் காதுக்கு வந்தது. இன்று கூட்டத்தில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நான் போன இடங்களிலெல்லாம் புதியவரைக் கண்டால் முதலில் வருவது ஒரு தலையசைப்பு, இரண்டாவது பாட்டில் பக்கத்தில் கொஞ்சம் இடம்.

விடிய விடிய நடக்கும் இரவா, நள்ளிரவை ஒட்டி முடிவதா என்று தோழியிடம் இப்போதே கேளுங்கள். முடிவதற்குள் லீட்ஸுக்குக் கடைசி ரயில் போய்விடக்கூடும். திரும்பும் வழியை முன்பே உறுதி செய்யுங்கள். முழு இரவு என்றால் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கி, மாலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. விகன் கசினோ என்பது சூதாட்டக் கூடமல்ல, நடன மண்டபம். 1973 செப்டம்பர் முதல் 1981 டிசம்பர் வரை அங்கே விடியும்வரை ஆட்டம் நடந்தது. காலை எட்டு மணிக்கு முடிக்கும்போது வழக்கமாக அதே மூன்று பாட்டுகள்தான். ‘எட்டுக்கு முன் மூன்று’ என்று அதற்குப் பெயர். நீங்கள் போகும் இரவிலும் கடைசியில் அவை ஒலிக்கலாம். அப்போது உங்கள் தோழி பேச்சை நிறுத்திவிட்டுத் தளத்துக்குப் போவார். அந்த நேரத்தில் கோட்டையும் பையையும் எடுக்கக் கிளம்பாதீர்கள். கால் வலித்தாலும் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.